கொடுத்த விடுதலையா, எடுத்த விடுதலையா?

விடுதலையை யாரோ ஒருத்தர் மேலேயிருந்து இறக்கிக் கொடுத்தார் என்று எழுதுவதில் ஆளுகிறவர்களின் வரலாற்றுக்குத் தனி ருசி. கொடுத்தவர் பெயரைத் தெருவுக்கும் ஊருக்கும் வைப்பார்கள். வாங்கியவர்களுக்கு நன்றி சொல்கிற வேலை மட்டும்தான். பிரெஞ்சுக் குடியரசுவாதி விக்தோர் ஷோல்ஷேரின் (1804-1893) அரசியல் வாழ்க்கையை நான் எடுத்துப் பேசுவது இதனால்தான். அவர் மோசமான ஆள் இல்லை, நல்ல ஆள். நல்ல ஆளை வைத்துத்தான் இந்தக் கதையை இத்தனை உறுதியாகக் கட்ட முடிகிறது.

அவர் பாரிஸ் பீங்கான் முதலாளி ஒருவரின் மகன். அப்பாவின் வியாபாரத்துக்காக 1820களின் கடைசியில் அமெரிக்கப் பக்கம் போனவர், கியூபாவில் அடிமைகள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தார். 1833இல் அடிமைமுறையைக் கண்டித்துப் புத்தகம் எழுதினார். ஆனால் உடனே ஒழிக்கணும் என்று அதில் கேட்கவில்லை. 'படிப்படியாகப் பார்த்துக்கலாம்' என்கிற ரகம்தான். படிப்படி என்பது எப்போதும் மாடியில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிற வார்த்தை. 1840-41இல் கரீபியன் தீவுகளுக்கே போய் வந்தபிறகு அவர் மாறினார். 1842இல் வந்த நூலின் தலைப்பிலேயே 'உடனடி ஒழிப்பு' என்று போட்டார். இந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதை முதலில் சொன்னவர் அவரா? மார்த்தினிக் தீவில் பிறந்த சிரில் பிசெத் என்பவர், வெள்ளையர் அல்லாத சுதந்திரக் குடிகளுக்கு உரிமை கேட்ட ஒரு துண்டுப் பிரசுர விவகாரத்தில் 1824இல் தண்டிக்கப்பட்டார். தோளில் சூடு போட்டார்கள். அந்தத் தழும்போடு பாரிஸ் வந்து 1834இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். உடனடி ஒழிப்பு வேண்டும் என்று ஷோல்ஷேருக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதினார். பள்ளிப் பாடத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். அதுக்காக பிசெத்தைச் சாமியாக்க வேண்டியதில்லை. இளமையில் அடிமைகளின் கிளர்ச்சியை அடக்கப் போன கூட்டத்தில் அவரும் இருந்தார். 1849 தேர்தலில் தோட்ட முதலாளியோடு கை கோத்து நின்றுதான் மார்த்தினிக்கில் ஷோல்ஷேரைத் தோற்கடித்தார். என் கேள்வி வேற: இரண்டு பேரிடமும் குறை இருக்கும்போது சிலை ஒருத்தருக்கு மட்டும் எப்படி வந்தது?

1848 பிப்ரவரிப் புரட்சி முடியாட்சியைத் தள்ளியது. ஷோல்ஷேர் காலனித் துறையின் துணைச் செயலாளரானார். அவர் தலைமையிலான குழு தயாரித்த அடிமை ஒழிப்பு ஆணை ஏப்ரல் 27ஆம் தேதி கையெழுத்தானது. அதிலும், ஒவ்வொரு காலனியிலும் அறிவித்து இரண்டு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்று இருந்தது.

மார்த்தினிக் காத்திருக்கவில்லை. மே 20ஆம் தேதி ரோமேன் என்கிற அடிமையைப் பிடித்து உள்ளே போட்டார்கள். குற்றம்? மரவள்ளி துருவுகிற ஆட்களுக்குத் தாளமாக மேளம் அடித்தது. சனம் திரண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். மே 22ஆம் தேதி சேன் பியேர் நகரமே எழுந்து நின்றது. மறுநாள் 23ஆம் தேதி ஆளுநர் அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவித்தார். பாரிஸ் ஆணையைச் சுமந்த கப்பல் அப்போது தீவுக்கு வந்து சேரவே இல்லை! அது ஜூன் தொடக்கத்தில்தான் வந்தது. ஆணை செல்லாது என்று நான் சொல்லவில்லை. அது இருந்ததால்தான் பின்வாங்க இடமில்லாமல் போனது. ஆனால் நாள் குறித்தவர்கள் யார் என்பதை மறைக்கக் கூடாது.

இப்போ கணக்குக்கு வருவோம். சுமார் இரண்டரை லட்சம் பேர் விடுதலையானார்கள். 1849 சட்டம் ஏறக்குறைய 12 கோடியே 60 லட்சம் பிராங்க் நட்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! சவுக்கடி வாங்கியவனுக்குக் காலணா கிடையாது, குழி நிலம் கிடையாது. ஈடு என்றால் அனுபவித்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது என்று ஷோல்ஷேரின் குழு அறிக்கையில் எழுதியதுதான். எழுதியதோடு சரி. நிலம் பழைய கையிலேயே நின்றது.

நிலம் இருந்த கைக்கு மலிவான ஆள் வேண்டியிருந்தது. அங்கேதான் நம்ம சனம் இந்தக் கதைக்குள் வருகிறது. 1853இல் 'ஓரெலி' என்ற கப்பல் இந்தியக் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப்பில் இறக்கியது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகள் போய்க்கொண்டே இருந்தார்கள். மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25 ஆயிரம் பேர், குவாதலூப்புக்கு 40 ஆயிரத்துக்கும் மேல். அடிமை என்கிற பெயர்தான் போனது, கரும்புத் தோட்டம் போகவில்லை.

ஷோல்ஷேர் இதையும் எதிர்த்துப் பேசினார் என்பதைச் சொல்லியே ஆகணும். 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பறித்தபோது பாரிஸ் தடுப்பரணில் நின்றார். 1870 வரை நாடு கடந்து வாழ்ந்தார். திரும்பி வந்து மார்த்தினிக்கின் பிரதிநிதியானார், 1875இல் ஆயுள் செனட்டரானார். எண்பத்தைந்தாம் வயதில், 1889இல், ஹெய்ட்டியின் அடிமைப் புரட்சித் தலைவர் துசேன் லூவெர்த்யூரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அடிமை தானே எழுந்து நின்றதை அவரே மறக்கவில்லை. மறந்தது அவரைக் கும்பிட்டவர்கள்.

1949இல் பிரான்ஸ் அவர் உடலை பாந்தியோனில் வைத்தது. ஃபோர் தெ பிரான்ஸ் நகரில் இருந்த அவர் சிலையில், அவர் அணைப்பில் ஒரு கருப்புச் சிறுமி அவரை அண்ணாந்து பார்ப்பாள். 2020 மே 22ஆம் தேதி மார்த்தினிக் இளைஞர்கள் அதையும் அவருடைய இன்னொரு சிலையையும் கீழே தள்ளினார்கள். நன்றி கெட்டவர்கள் என்று பலர் பதறினார்கள். நான் பதறவில்லை. அவர்கள் தள்ளியது அந்த மனிதரின் உழைப்பை இல்லை, அந்தச் சிறுமியின் கழுத்து வலியை.

தோழர்களே, நமக்காகப் பேச வருகிறவர்களை அளக்க எனக்கு மூன்று கேள்வி போதும். யாரிடம் கற்றுக்கொண்டாய்? நட்டஈடு யாருக்குப் போனது? நிலம் யார் கையில் நின்றது? முதல் கேள்விக்கு ஷோல்ஷேரிடம் பாதி பதில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அவருடைய குடியரசு இன்னும் பதில் சொல்லவில்லை.