உங்க ஆடிட்டர்கிட்ட பேக்கப் இருக்கா? ஃபீஸ் குறைக்கச் சொல்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க



வேலை சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். ஆனா ஐ.டி. ரிட்டர்ன் மட்டும் இன்னும் சொந்த ஊர் ஆடிட்டர்தான் போடுவார். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இது ரொம்ப சகஜம். அப்பாவுக்குத் தெரிஞ்சவர், தீப்பெட்டி ஆபீஸ், கடலை மிட்டாய் கம்பெனி, பருத்தி வியாபாரம்னு ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிறவர். ஃபார்ம் 16-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பினா வேலை முடிஞ்சது.

அதில் எந்தத் தப்பும் இல்ல. ஆனா ஒரு கேள்வி. நீங்க அஞ்சாறு வருஷமா அனுப்பின வாடகை ரசீது, வீட்டுக்கடன் சான்றிதழ், ஷேர் வித்த கணக்கு, பான், ஆதார் நகல் எல்லாம் இப்போ எங்கே இருக்கு? பெரும்பாலும் பதில் இதுதான்: அந்த ஆபீஸில் மேசைக்கு அடியில் இருக்கிற ஒரே ஒரு கம்ப்யூட்டரில்.

என் கருத்தை நேரடியாகவே சொல்லிடறேன். கிளையண்ட் ஃபைல்களுக்கு பேக்கப் வைப்பது ஆடிட்டர் நமக்குச் செய்யும் உபகாரம் இல்ல. நாம கொடுக்கிற ஃபீஸுக்கு உள்ளே அடங்கின வேலை. அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கு. அதுக்கு நூறு, இருநூறு ரூபாய் கூடுதலா கேட்டா கொடுக்கவும் வேணும்.

"எல்லாம்தான் போர்ட்டல்ல இருக்கே?"

பாதி உண்மை. நீங்க தாக்கல் செய்த ரிட்டர்ன், அதற்கான ரசீது, 143(1) இன்டிமேஷன், 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். இதெல்லாம் வருமான வரி போர்ட்டலில் இருக்கு. கம்ப்யூட்டர் எரிஞ்சு போனாலும் மறுபடி டவுன்லோடு பண்ணிக்கலாம்.

ஆனா ஐ.டி.ஆர். படிவத்தோடு நாம எந்த ஆதாரத்தையும் இணைக்கிறதில்ல. தொகையையும் சில விவரங்களையும் மட்டும்தான் நிரப்புறோம். வாடகை ரசீது, நன்கொடை ரசீது, மெடிக்கல் பாலிசி பிரீமியம் ரசீது, பழைய நிலத்தை வித்தப்போ போட்ட மூலதன ஆதாயக் கணக்கு எதுவும் போர்ட்டலுக்குப் போகல. அரசாங்கத்திடம் இருப்பது நீங்க சொன்ன எண். அந்த எண் சரின்னு நிரூபிக்கிற காகிதம் உங்ககிட்டயோ ஆடிட்டர்கிட்டயோதான் இருக்கணும்.

2025 ஜூலை 14 அன்று, பொய்யான கழிவு கோரிய ரிட்டர்ன்கள் தொடர்பாக வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது ஞாபகம் இருக்கும். அதுக்கு முந்தைய நாலு மாசத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குத் தப்பான கோரிக்கைகளை வாபஸ் வாங்கியிருந்தாங்க. பொய்யா கிளெய்ம் பண்ணவங்க கதை அது. ஆனா இந்த மாதிரி சல்லடை போடும் காலத்தில் உண்மையா வாடகை கொடுத்தவருக்கும் நோட்டீஸ் வரலாம். அப்போ ரசீது இல்லன்னா, உண்மையான கிளெய்மும் பொய்யான கிளெய்மும் அதிகாரி பார்வைக்கு ஒண்ணுதான்.

எத்தனை வருஷம் வைக்கணும்? 2024 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த விதிப்படி, பழைய கணக்கை மறுபடி திறக்கிற நோட்டீஸ் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை வரலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு 3 மாதம் வரை. ஜிஎஸ்டி கணக்குக்கு, வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியில் இருந்து 72 மாதம். சொத்து வாங்கின பத்திரம், வீட்டில் செய்த கட்டுமானச் செலவு ரசீது இதுக்கெல்லாம் கணக்கே கிடையாது, விக்கிற வரைக்கும் வேணும். ஆக, ஒரு சின்ன ஆபீஸ் ஹார்டு டிஸ்க் ஆறேழு வருஷ ஊர்க் கணக்கைச் சுமக்குது. ஆறேழு வருஷம் பழுதில்லாம ஓடும்னு எந்த டிஸ்க்கை நம்பலாம்?

மழையே இல்லாத ஊருக்கு வந்த மழை

கரிசல் காட்டுக்காரங்களுக்கு வெள்ளம்னா அது வேற ஊர்ச் செய்தி. நம்ம கவலை எல்லாம் மழை வரலையேன்னுதான். 2023 டிசம்பர் 17, 18 அதை மாத்திடுச்சு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அது ஒரு வருஷ மழைக்கும் மேல். கோவில்பட்டியிலேயே ஏறக்குறைய அரை மீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோட நின்னு போச்சு. மாவட்டத்தில் பல இடங்களில் கரண்டும் இல்ல, போனும் இல்ல.

அப்போ அரசாங்கம் ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் தேதியை 2024 ஜனவரி 10 வரை நீட்டிச்சாங்க. இதில்தான் பாடம் இருக்கு. தேதியை அரசாங்கம் நீட்டிக்கும். தண்ணியில் போன ஃபைலை யாரும் திருப்பித் தர மாட்டாங்க. பில்லே இல்லாதவருக்குக் கூடுதல் தேதி கிடைச்சு என்ன பிரயோஜனம்?

வெள்ளம் எப்பவாவதுதான் வரும். வோல்டேஜ் ஏறி இறங்குறதும், மே மாச வெயிலும், சர்வீஸ் கடைக்காரர் ஃபார்மட் பண்றதும் அடிக்கடி நடக்கும். அதுக்கும் மேல ரான்சம்வேர். 2017 மே 12 அன்று பரவ ஆரம்பிச்ச வான்னாக்ரை உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, பணம் கேட்டுச்சு. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே கொடுத்துடுச்சு. போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க.

"டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன் தம்பி"

பேக்கப் இருக்கான்னு கேட்டா பல இடத்தில் வரும் பதில் இது. சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு பாகம். வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டு, ரெண்டையும் ஒரே வளையத்தில் மாட்டின கதைதான்.

எப்பவும் சொருகியே இருக்கிற பென் டிரைவும் அதே ரகம். ரான்சம்வேர் வந்தா அதையும் சேர்த்துப் பூட்டும். கூகுள் டிரைவ் சிங்க் மட்டும் போதும்னு நினைக்கிறதும் முழுசா சரியில்ல. இங்கே தெரியாம அழிச்சா அங்கேயும் அழியும், டிராஷில் 30 நாள்தான் இருக்கும். டிசம்பரில் அழிஞ்சது அடுத்த ஜூலையில் ரிட்டர்ன் போடும்போதுதான் தெரியவரும்.

உலகம் முழுக்கச் சொல்ற விதி 3-2-1. ஒரு ஃபைலுக்கு மூணு பிரதி, ரெண்டு வேற வேற சாதனத்தில், அதில் ஒண்ணு வேற இடத்தில். கோவில்பட்டி கணக்குக்கு மாத்திச் சொன்னா: ஆபீஸ் கம்ப்யூட்டர், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், கிளவுடில் ஒரு பிரதி. சாயங்காலம் டேலி பேக்கப்பும் கிளையண்ட் ஃபோல்டரும் எடுத்துட்டு டிஸ்க்கைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போகணும். டிஸ்க் சில ஆயிரம் ரூபாய். கிளவுடில் 100 ஜிபி மாசம் இருநூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. ரெண்டையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டணும், ஏன்னா அதில் இருக்கிறது உங்க பான், ஆதார், பேங்க் கணக்கு. தொலைஞ்சா ஆடிட்டருக்கு மட்டும் நஷ்டம் இல்ல.

மாசம் ஒரு தடவை பேக்கப்பில் இருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பார்க்கணும். திறந்து பார்க்காத பேக்கப், விதைச்சுட்டு முளைச்சுதான்னு பார்க்காத காடு மாதிரி.

சின்ன ஆபீஸால முடியுமா?

"ரிட்டர்னுக்கு ஐநூறு ரூபாய் வாங்குறேன், இதில் எங்கே இதெல்லாம்?" என்று அவங்க கேட்பாங்க. அந்தக் கேள்வி நியாயமானது. கம்பெனிகள் கணக்குப் பதிவுகளைத் தினமும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் பேக்கப் எடுக்கணும்னு 2022 ஆகஸ்டில் விதி வந்துச்சு. அமெரிக்காவில் வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவங்க, ஒரே ஆள் ஆபீஸா இருந்தாலும், வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாக்க எழுத்தில் ஒரு திட்டம் வச்சிருக்கணும். நம்ம ஊர் ஆடிட்டருக்கு அந்த அளவு வேண்டாம். தினம் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுக்க வேண்டியவங்க நாமதான். ஃபீஸில் நூறு ரூபாய் பேரம் பேசுற நாம, அவர் பேக்கப் வைக்கலைன்னு குறை சொல்ல முடியாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாலு கேள்வி கேளுங்க. மரியாதையா, பக்குவமா:

1. அண்ணாச்சி, என் ஃபைல் இந்த கம்ப்யூட்டர் தவிர வேற எங்கே இருக்கு?
2. கடைசியா பேக்கப் எடுத்தது எப்போ? திறந்து பார்த்தீங்களா?
3. என் போர்ட்டல் பாஸ்வேர்டை எங்கே எழுதி வச்சிருக்கீங்க?
4. உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா, யார்கிட்ட என் ஃபைலைக் கேட்கணும்?

நாலாவது கேள்வி சங்கடமானதுதான். ஆனா ஒரே ஆள் நடத்துற ஆபீஸில் டிஸ்க் போறதைவிடப் பெரிய ஆபத்து அந்த ஆள் படுத்துக்கறது. பாஸ்வேர்டு அவர் மனசில் மட்டும் இருந்தா, மூணு பிரதி இருந்தும் பிரயோஜனம் இல்ல.

பதில் எதுவா இருந்தாலும், உங்க பிரதியை நீங்களும் வச்சுக்கோங்க. வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போதும். ஃபார்ம் 16, தாக்கல் செய்த ஐ.டி.ஆர்., இன்டிமேஷன், ஏ.ஐ.எஸ்., கம்ப்யூட்டேஷன் ஷீட், எல்லா ரசீதும் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினதை சேமிச்சதா நினைக்காதீங்க, போன் மாறினா அதுவும் போகலாம். ரிட்டர்ன் தாக்கல் பண்ணின அன்னைக்கே ஆடிட்டர்கிட்ட முழு ஃபைலையும் கேட்டு வாங்கிடுங்க. நோட்டீஸ் வந்தா அது ஆடிட்டர் பேருக்கு வராது, உங்க பேருக்குத்தான் வரும்.