காரில் வந்தவரின் நடைக் கணக்கு

போன மாதம் எங்கள் ஊரில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசிவிட்டுப் போன எழுத்தாள நண்பர், அந்தப் பேச்சைக் கட்டுரையாக்கிச் சிற்றிதழ் ஒன்றில் அச்சேற்றியிருக்கிறார். பேச்சோடு போயிருந்தால் விட்டிருப்பேன். மேடையில் கைதட்டலுக்காக ஆயிரம் சொல்வோம். அச்சில் ஏறிவிட்டால் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

அவர் சொல்வதன் சாரம் இது. மலையேற்றம், நெடுநடை, சைக்கிள் பயணம், காட்டுப் பயணம் பற்றிய நூல்களெல்லாம் வயிறு நிறைந்த வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு. தமிழனுக்கு அந்த மரபும் இல்லை, தேவையும் இல்லை. நம் ஆட்கள் நடந்தது பிழைப்புக்கும் நேர்த்திக்கடனுக்கும்தான். அதில் சாகசமும் கிடையாது, இலக்கியமும் கிடையாது. ஆகவே ஊர்ப்புற நூலகங்கள் இந்த மாதிரிப் புத்தகங்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். போகிற போக்கில் குரங்கணித் தீயையும் இழுத்துவந்து, இப்படிப்பட்ட புத்தகங்கள் பிள்ளைகளைச் சாவுக்கு அனுப்புகின்றன என்று முடித்திருக்கிறார்.

அவர் இதைப் பேசிய இடம் கொட்டாம்பட்டி. அங்கேதான் அவருடைய போதாத காலம் ஆரம்பிக்கிறது.

திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையில் காரில் வந்து காரில் போனவருக்குக் கொட்டாம்பட்டி என்பது ஒரு பெயர்ப்பலகை. அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சிங்கம்புணரியிலிருந்து நத்தத்துக்கு ஒரு சாலை போகிறது. தை பிறந்துவிட்டால் அதில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஓரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். தேவகோட்டை, காரைக்குடி, குன்றக்குடிப் பக்கமிருந்து பழனிக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம் விடிய விடிய நடந்துகொண்டிருக்கும். நகரத்தார் காவடி நானூறு ஆண்டுகளாக நடக்கிறது என்று அவர்கள் கணக்குச் சொல்வார்கள். முதுகுப் பையில் ஒளிரும் பட்டை, காலில் கொப்புளம், கையில் தைலப் புட்டி. எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எந்த மண்டபத்தில் படுக்கலாம், நத்தம் தாண்டினால் எங்கே வெயில் தாக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். ஐரோப்பாவில் ஒருவன் இவ்வளவு தெரிந்துவைத்திருந்தால் புத்தகம் போட்டிருப்பான். நம் நண்பர் அதற்குப் பெயர் நேர்த்திக்கடன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

சரி, மரபுக்கு வருவோம். தமிழில் மரபே இல்லையாம். கொட்டாம்பட்டியிலிருந்து வடக்கே அதே நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால், துவரங்குறிச்சி தாண்டி, விராலிமலைக்குப் பக்கத்தில் கொடும்பாளூர் வரும். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவர் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்வது அந்த ஊரைக் கடந்ததும் வருகிற பிரிவைத்தான். அங்கே பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை. வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் அடர்ந்த மலை. இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், அதாவது அழகர்மலை. அங்கே ஒரு பிலமும் மூன்று பொய்கைகளும் உண்டு. நடுவழி பார்க்கச் சுலபமானது, ஆனால் அதில் ஆளை மயக்கும் கானுறை தெய்வம் இருக்கிறது, எச்சரிக்கை. ஒவ்வொரு வழியிலும் எது கிடைக்கும், எது மிரட்டும் என்று வரிசையாகச் சொல்கிறார். இன்றைக்கு மலையேற்றக்காரர்கள் கையில் வைத்துக்கொள்ளும் வழிக்கையேடு இதைவிட வேறென்ன செய்கிறது? அந்த இடப்பக்க வழி எங்கள் கொட்டாம்பட்டிப் பக்கமாகத்தான் இறங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊர்ப்பற்று என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

இளங்கோவை ஆராய்ந்தவர்கள் கற்பையும் ஊழையும் அலசிய அளவுக்கு அவருடைய கால்களைக் கவனிக்கவில்லை. புகாரை விட்டுப் புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே மதுரை எங்கே என்று கண்ணகி கேட்கிறாள். முப்பது காதத்தைப் பக்கம்தான் என்று சொல்லிக் கோவலன் சிரிக்கிறான். நடந்து பழகாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவன் எவனும் சொல்கிற பொய் அது. தோட்டத்து வழியில் போனால் கிழங்கு தோண்டிய குழிகளைப் பூ மூடியிருக்கும், கால் இடறும் என்று கவுந்தியடிகள் எச்சரிக்கிறார். வயல் வழியில் போனால் காலடியில் சிற்றுயிர்கள் மிதிபடும் என்று கவலைப்படுகிறார். சமணத் துறவி அல்லவா! பிறகு கண்ணகியின் கால் நோகிறது. வெயில் தாங்காமல் நிலா வெளிச்சத்தில் இரவு நடை நடக்கிறார்கள். தை மாதத்தில் எங்கள் சாலையில் விடிகாலை மூன்று மணிக்குப் போகிறவர்களும் அதே காரணத்துக்காகத்தான் இரவில் நடக்கிறார்கள்.

இதெல்லாம் காப்பியத்தில் வரும் வழிநடை, பயண நூல் ஆகாது என்று நண்பர் சொல்லக்கூடும். அப்படியானால் மலைபடுகடாம்? 583 அடி. எழுதியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். இரணியமுட்டம் என்பது அழகர்மலையை ஒட்டிய நாடு. கல்வெட்டுகளும் அந்தப் பெயரைச் சொல்கின்றன. ஆக, எங்கள் பக்கத்து மனிதர். செங்கண்மாத்து நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு மலைவழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த கற்பொறி இருக்கும், பகலில் பார்த்துப் போங்கள். தினைப்புனம் காப்பவர் கவண்கல் எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். பாறை வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். பாதை பிரிகிற சந்தியில், பின்னால் வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்க, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள். இமயத்தில் கல்லை அடுக்கி வழி காட்டுகிற வேலையை இவர்கள் புல்லில் செய்திருக்கிறார்கள். இந்த ஒரு குறிப்புக்காகவே அந்தப் பாட்டை மலையேறுகிறவர்களின் முதல் பாடநூல் என்பேன்.

இன்னொரு கணக்கு. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட பாடல்கள் எல்லாமே பாலைத்திணை. நானூற்றில் இருநூறு. சுரம், வெயில், ஆறலை கள்வர், உமணரின் உப்பு வண்டி, கழுகு, வற்றிய சுனை. ஒரு தொகை நூலில் சரிபாதியை வழிநடைக்கு ஒதுக்கிய மொழியைப் பார்த்து உனக்கு இந்த மரபு இல்லை என்று சொல்ல ஒன்று துணிச்சல் வேண்டும், அல்லது அந்த நூலைப் பிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். நண்பர் துணிச்சல்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, பிழைப்புக்காக நடந்தால் அது சாகசம் ஆகாது என்ற வாதம். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கிறது, ஏழையின் பக்கம் நிற்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் ஏழையின் வாயை அடைக்கிற வாதம் இதுதான். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற இருவரில் ஒருவர் கூலிக்குச் சுமை தூக்கியவர். டென்சிங் நோர்கேவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதி 1955இல் வெளிவந்ததுதான் அவருடைய வாழ்க்கை நூல். பிழைப்புக்காக ஏறியவர்தானே, இதில் என்ன இலக்கியம் என்று உல்மன் போயிருந்தால் நமக்கு வெள்ளைக்காரர்கள் எழுதியது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நண்பர் வெள்ளைக்காரர்களைத் திட்டுகிறார். ஆனால் அவர் சொல்கிறபடி செய்தால் அலமாரியில் அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

வயிறு நிறைந்தவர்கள் என்பதும் முழுக்கணக்கு இல்லை. அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி பத்து வயதுப் பிறந்தநாளுக்கு வந்த சைக்கிளையும் உலகப்படத்தையும் பார்த்து இந்தியாவுக்குச் சைக்கிளில் போவேன் என்று முடிவுகட்டியவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, படுத்த படுக்கையாயிருந்த தாயைப் பராமரித்துக்கொண்டு, முப்பது வயது தாண்டிய பிறகுதான் 1963 ஜனவரியில் பனிக்குள் பெடல் மிதிக்க முடிந்தது. அந்தப் பயணம் 1965இல் புத்தகமானது. தாயை விட்டு நகர முடியாமல் ஆசையைப் பொத்திவைத்திருக்கிற பெண்பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கா இந்தப் புத்தகம் அன்னியம்?

சைக்கிளைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. நம் ஊரில் சைக்கிள் பால்கேன் கட்டும் வாகனம், பயணக் கருவி இல்லையாம். பொன்னமராவதிப் பக்கம் போனால் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்களும் வயல் கூலிகளும் கேலியைத் தாண்டி ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். அதை உலகம் அறியச் செய்தது பி. சாய்நாத்தின் எழுத்து. ஒரு பெண் முதல்முறை தனியாகப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குச் சைக்கிளில் போய் வருவது எந்தக் கணவாயைக் கடப்பதற்கும் குறைந்ததில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி தன் கையால் எழுதிய புத்தகம் நம் அலமாரிகளில் கண்ணில் படுவதில்லை என்பது உண்மையான குறை. நண்பர் அந்தக் குறையைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ஒரு விஷயத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். தற்காலத் தமிழில் பனிமலை ஏறியவர்கள் எழுதிய நூல்களை விரல்விட்டு எண்ணலாம். விருதுநகர் மாவட்டத்துப் பெண் முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். நாம் பாராட்டு விழா நடத்தினோம், சால்வை போர்த்தினோம், எழுதச் சொல்லி வற்புறுத்தினோமா தெரியவில்லை. பயண எழுத்துக்கு நாம் எப்போதும் உதாரணம் காட்டும் ‘நடந்தாய் வாழி, காவேரி’யில்கூட நடந்தது காவேரிதான், சிட்டியும் தி. ஜானகிராமனும் பெரும்பாலும் காரில்தான் போனார்கள். அருமையான புத்தகம், அது வேறு. ஆனால் ஒரு வகை எழுத்து குறைவாக இருக்கிறது என்றால் அதை வாங்காதே என்பதா முடிவு? வீட்டில் அரிசி குறைவாக இருக்கிறது, அதனால் கடைக்குப் போகாதே என்பதுபோல இருக்கிறது.

குரங்கணிக்கு வருகிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளைக் கட்டுரைக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கோடையில் காய்ந்த புல், கீழிருந்து மேலே ஏறும் தீ, தப்பிக்கும் வழி தெரியாத புதியவர்கள். புத்தகம் எங்கே வந்தது இதில்? மலையேற்ற எழுத்தில் நல்லவை பெரும்பாலும் தவறுகளின் பிரேதப் பரிசோதனை. 1996 மே மாதம் எவரெஸ்டில் ஒரே புயலில் எட்டுப் பேர் இறந்ததை, அந்தக் கூட்டத்தில் ஒருவராகப் போன ஜான் கிராக்கர் எழுதினார். எந்த நேரத்தில் திரும்பியிருக்க வேண்டும், யார் ஏன் திரும்பவில்லை, தான் செய்த பிழை என்ன என்று பக்கம் பக்கமாகக் குடைகிறார். அன்னபூர்ணா ஏறிய மொரிஸ் எர்சோக் பனியில் விரல்களை இழந்து, மருத்துவமனைப் படுக்கையில் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். இதைப் படித்தவன் மலைக்கு ஓடுவானா, வானத்தைப் பார்த்து யோசிப்பானா? கவண்கல் வரும், ஒதுங்கு என்று கௌசிகனார் சொன்னதும் இதே வேலைதான். அரசாங்கமே 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்டது. பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள். படித்துவிட்டுப் போவதா, படிக்காமல் போவதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

தேவை இல்லை என்றாரே, அதற்கு உள்ளூரிலேயே பதில் இருக்கிறது. மேலூரிலிருந்து கொட்டாம்பட்டிக்கு வரும் வழியில் கருங்காலக்குடி. அங்குள்ள குன்றில் சமணர் கற்படுக்கைகளும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. வாழ்நாளெல்லாம் நடந்தே திரிந்த துறவிகள் முதுகு சாய்த்த கல் அது. இந்தக் குன்றுகளுக்கெல்லாம் சனம் காலையில் கிளம்பி நடந்து போகும்படி செய்தது 2010இல் தொடங்கிய பசுமை நடை. அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த அந்த நடைகளிலிருந்து தொல்லியலாளர் சாந்தலிங்கம் அய்யாவின் ‘மதுர வரலாறு’ பிறந்தது. காலால் எழுதிய புத்தகம் என்று அதைத்தான் சொல்வேன். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் ஏறி இறங்கிப் பறவையையும் சுனையையும் கல்வெட்டையும் ஆட்கள் குறித்துவைத்தார்கள். 2022 நவம்பரில் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024இல் டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் வந்தபோது, எங்களிடம் இருந்த ஆயுதம் அந்தக் குறிப்புகளும் எங்கள் கால்களும்தான். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான சனம் மதுரையை நோக்கிக் கிளம்பியது. அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

நண்பரே, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வாருங்கள். காரைச் சிங்கம்புணரியில் நிறுத்திவிட்டு, இருட்டோடு கிளம்பி, கூட்டத்தோடு கொட்டாம்பட்டி வரைக்கும் நடந்து வாருங்கள். முக்கில் சுக்குமல்லிக் காபி என் செலவு. கட்டுரைக்குத் திருத்தம் எழுத அவசரமில்லை, கொப்புளம் ஆறட்டும்.