எழுதப் பொழுது ஏது?

எழுத வேண்டும் என்னும் ஆவல் இருக்கிறது, எந்த வேளையில் எழுத உட்காருவது என்றுதான் தெரியவில்லை என்று சங்கத்துக்கு வரும் அன்பர் பலர் நம்மிடம் சொல்வதுண்டு. இப்படிக் கேட்போருள் பாதிப் பேர் வேளையைக் கேட்கவில்லை. எழுதாமலிருக்க ஒரு கௌரவமான காரணம் தேடுகிறார்கள் என்பது நம் ஐயம். மற்றப் பாதிப் பேருக்காக இம்மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

நாளின் பொழுதுகளை நம் முன்னோர் வெறும் கணக்காகக் கொள்ளவில்லை. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுது ஆறு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடமாக நான்கு மணி நேரம். இவற்றுள் முல்லைக்கு மாலையையும், குறிஞ்சிக்கு யாமத்தையும், மருதத்துக்கு வைகறையையும், நெய்தலுக்கு எற்பாட்டையும், பாலைக்கு நண்பகலையும் தொல்காப்பியர் உரிமையாக்கினார். ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு வேளை உண்டு என்பதே இதன் கருத்து. நண்பகலைப் பாலை என்று வகுத்ததை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவரும் மறுக்கமாட்டார்!

வைகறையில் எழவேண்டும் என்று ஔவையார் ஆத்திசூடியில் சொல்லிவைத்தார். ஊரில் அது நல்ல அறிவுரை. இங்கோ வைகறை எப்போது வருகிறது என்பதே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. பகலும் இரவும் சமமாகும் நாள்களில் குவாஹாத்தியில் சூரியன் உதித்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் சென்ற பின்னரே மும்பையில் உதிக்கிறது. ஆயினும் இரண்டு ஊர்ச் சுவர்க் கடிகாரங்களும் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன. 1906-ஆம் ஆண்டு இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன், ரயில்கள் நாடு முழுவதும் சென்னை நேரத்தைக் கொண்டே ஓடின என்பதை இங்கே சற்றுப் பெருமையுடன் குறிப்பிடலாம். பம்பாய் மட்டும் எளிதில் இணங்கவில்லை; 1955 வரையிலும் அந்நகரில் பழைய நேரம் வழக்கிலிருந்தது. ஆகவே, "நான்கு மணிக்கு எழு" என்று அம்மா ஊரிலிருந்து சொல்வது எந்த நான்கு மணி என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு. தில்லியில் ஜனவரி மாதத்து நான்கு மணிக்கு எழுந்து பேனாவைப் பிடித்துப் பார்த்தவர்கள் இதை இன்னும் நன்றாக அறிவார்கள்.

இனி எழுதியவர்களைப் பார்ப்போம். நம் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு மிக நெருங்கியவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தணி டிராலப். 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். தெருவோரத் தபால் பெட்டி அந்நாட்டில் வரக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர். காலை ஐந்தரை மணிக்கு மேஜைமுன் உட்காருவார். முதல் அரைமணி, முந்திய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. பின்னர்க் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எட்டரை வரை எழுதுவார். அதன் பிறகுதான் உடை மாற்றிக்கொண்டு மற்ற வேலை. இவ்வாறு 47 நாவல்கள் எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் இக்கணக்கைப் படித்த பலர், இது செருப்புத் தைக்கும் வேலை போலிருக்கிறதே என்று முகம் சுளித்தனர். நமக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை. தைத்த செருப்பு இன்றும் உழைக்கிறதே!

ஆனால் அந்தச் சுயசரிதையில் நம் மனத்தில் தைத்தது வேறொரு செய்தி. டிராலப்பைத் தினமும் எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்று ஒரு கிழக் குதிரைக்காரர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் அதிகச் சம்பளம். தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அவருக்கே தாம் அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று டிராலப் நேர்மையாக எழுதியிருக்கிறார். எசமானர் ஐந்தரைக்கு எழுத உட்கார வேண்டுமென்றால் அந்தக் கிழவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? அடுப்பு மூட்டியது யார்? எழுத்தாளரின் வைகறை அமைதியாயிருப்பதற்கு, இன்னொருவருடைய வைகறை அமைதியற்றுப் போகவேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் அந்தக் குதிரைக்காரர் யார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. ஓர் அறையும் அடுக்களையும் கொண்ட சாலில், பொழுது விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும். குடம் நிரப்பி, குழந்தைகளுக்கும் கணவருக்கும் டப்பா கட்டி, தாமும் அலுவலகத்துக்குப் புறப்படும் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்களுடைய வைகறை என்றைக்கோ பட்டுவாடாவாகிவிட்டது. அமெரிக்க நாவலாசிரியை டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரு மகன்களைத் தனியே வளர்த்தவர். குழந்தைகள் விழித்து "அம்மா" என்று அழைக்குமுன் கிடைக்கும் விடியற்பொழுதில் அவர் எழுதத் தொடங்கினார்; 1993-இல் நோபல் பரிசு பெற்ற பின்னும் அந்தப் பொழுதையே விரும்பினார். இருட்டில் காப்பி போட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்திருப்பாராம். அந்தக் காப்பியை அவரே போட்டுக்கொண்டார் என்பது டிராலப்புக்கும் அவருக்கும் உள்ள வேற்றுமை.

நம் இதழில் சகோதரிகளின் பெயர் சமையற் குறிப்பின் கீழ்தான் அடிக்கடி காணப்படுகிறது. அவர்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை என்று நாம் நம்பத் தயாராயில்லை. மும்பையில் பல ஆண்டுகளாக வாழ்ந்து எழுதியவரான அம்பைக்கு 2021-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்பது அவர் கதைகளுள் ஒன்றின் பெயர். இந்த இதழைப் படிக்கும் கணவன்மார்களுக்கு நம் யோசனை ஒன்று: வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் பிடிப்பதையும் டப்பா கட்டுவதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் வீட்டில் உப்புக் கூடியோ குறைந்தோ இருக்கலாம். இதழுக்குக் கதைகள் வரும்.

இரவைப் போற்றுவோரும் உண்டு. பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த பிரான்ஸ் காப்காவுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு அலுவல் முடிந்துவிடும். பகலில் தூங்கி, வீடு அடங்கிய பின் எழுதுவார். 1912 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு பத்து மணிக்குத் தொடங்கி, காலை ஆறு மணிக்குள் ஒரே மூச்சில் 'தீர்ப்பு' என்னும் கதையை முடித்தார். இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் விழிக்கத் துணியும் இளைஞர்கள், இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடும் அலுவலகம் ஒன்றை முதலில் தேடிக்கொள்வது நலம். தமிழில் ஆதவன் இருக்கிறார். சில ஆண்டுகள் ரயில்வேயில் பணியாற்றிப் பின்னர் தில்லியில் நேஷனல் புக் டிரஸ்டில் சேர்ந்தவர், 1987-இல் மறைந்தார். அவ்வாண்டு அக்காதெமி விருது பெற்ற அவருடைய தொகுப்பின் பெயர் 'முதலில் இரவு வரும்'. பெயரைக் கொண்டு அவர் இரவில்தான் எழுதினார் என்று முடிவு கட்டுவதற்கில்லை. ஆனால் ரயில்வேக்காரர் வைக்கக்கூடிய பெயர்தான் அது.

தினமும் ஒரே வேளையில் எழுது என்னும் அறிவுரை முறை மாறும் டியூட்டி பார்ப்போருக்குப் பயன்படாது. ஒரு வாரம் காலை ஆறு முதல், ஒரு வாரம் பிற்பகல் இரண்டு முதல், ஒரு வாரம் இரவு பத்து முதல் என்று வாழ்வோருக்கு எந்த வேளை "ஒரே வேளை"? இரவு டியூட்டி முடித்து, காலையில் வந்து படுத்து, பிற்பகல் இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறோம். கடிகாரம் எற்பாடு என்கிறது. நம் உடம்புக்கு அதுவே வைகறை. ஆகையால் மணியைப் பற்றிக்கொள்ளாமல், தூக்கத்தைப் பற்றிக்கொள்வதே நாம் கண்ட வழி. எப்போது எழுந்தாலும், எழுந்த பின் முதல் அரைமணி எழுத்துக்கு. அதற்குள் கைப்பேசியைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த அரைமணி எவரெவருடைய கதைக்கோ போய்விடும்.

தூங்கி எழுந்தவுடன் அறிவு மந்தமாயிராதா என்று சிலர் கேட்பர். இருக்கும்; முதற்படி எழுத அம்மந்தம் உதவியே செய்கிறது. 2011-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இருவர் மாணவர்களுக்கு இருவகைக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தனர். திடீரென்று பொறி தட்டினாலன்றி விடை தோன்றாத புதிர்களை, காலையில் சுறுசுறுப்பாயிருப்பவர் மாலையிலும், மாலையில் சுறுசுறுப்பாயிருப்பவர் காலையிலும் அதிகமாக விடுவித்தனராம். படிப்படியாகச் செய்யும் கணக்குகளில் இவ்வேற்றுமை தெரியவில்லை. விழிப்பு மிகுந்த மனம் காவற்காரன்போல் வாயிலில் நின்று வேண்டாத நினைவுகளைத் தடுக்கிறது. களைத்த மனம் அவற்றை உள்ளே விட்டுவிடுகிறது, அவற்றோடு கதையும் உள்ளே வந்துவிடுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் எழுத்துப் பிழை பார்க்கவும், "மிகவும்" என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பன்னிரண்டு முறை எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கவும் காவற்காரன் வேண்டும். படைப்பதற்கு ஒரு வேளை, திருத்துவதற்கு வேறொரு வேளை. இரண்டையும் ஒரே உட்காரலில் செய்வோரின் கதை முதற் பத்தியைத் தாண்டுவதில்லை.

வீட்டில் இடமே இல்லையென்றால் என்ன செய்வது? ரயில்வேயில் வேலை பார்த்தவரின் மகனாய்ச் செகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன், சென்னை தியாகராய நகரின் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியவர். டிராலப் தபால் இலாகா வேலையாக ஊர் ஊராகச் சென்றபோது, மடிமேல் வைத்து எழுதச் சிறு பலகை ஒன்றைச் செய்துகொண்டு ரயில் வண்டியிலேயே பென்சிலால் எழுதினார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி அவ்வாறு உருவானதுதான். வண்டியில் எழுதியதைப் பின்னர்ப் பிரதியெடுத்துக் கொடுத்தவர் மனைவி. மறுபடியும் அந்தக் குதிரைக்காரர் கணக்குத்தான்! இன்று நம்மிடம் பலகைக்குப் பதில் கைப்பேசி இருக்கிறது, தமிழிலேயே தட்டெழுதலாம். காலை எட்டேகால் மணி லோகலில் அது இயலாது என்பதை மற்றெவரையும்விட நாம் அறிவோம். ஆனால் வண்டி புறப்படும் நிலையத்தில் ஏறுவோருக்கும், கூட்டம் கலைந்த பின் இரவு திரும்புவோருக்கும் இருபது நிமிடம் கிடைக்கும்.

நம் சங்கப் பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்த குடும்பங்களின் கதையை, தம் பாட்டனார் வாயால் கேட்டவர். எவர் முதலில் வந்தார், எந்தத் திண்ணையில் முதல் பொங்கல் வைத்தார்கள், வரதட்சிணைக்கு விற்ற தையல் இயந்திரம் எவ்வாறு திரும்பி வந்தது என்பன யாவும் அவருக்குத் தெரியும். எழுதுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் "ரிடையர் ஆகட்டும், தம்பி" என்பார். ஓய்வு பெற்ற பின் பேரனைப் பள்ளியில் கொண்டுவிடும் வேலை வந்தது; பிறகு கண்புரை; பிறகு மருத்துவமனை. அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளைகள் நம்மிடம் கொடுத்தார்கள். அதில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மூன்றாம் பத்தியின் நடுவில், ஒரு திண்ணையின் எதிரில், வாக்கியம் முடியாமல் நிற்கிறது. அவர் பேரனுக்குத் தமிழ் பேசத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் நம் ஞாயிறு வகுப்பில் கற்றுக்கொள்கிறான்.

அடுத்த இதழுக்குரிய கதை, கட்டுரை, கவிதைகள் இருபதாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும். ஒன்றரைப் பக்கமாயிருந்தாலும் ஏற்றுக்கொள்வோம்; வாக்கியம் முடிந்திருந்தால் போதும். தாளின் மூலையில், எழுதிய வேளையையும் குறித்தனுப்புங்கள். ரயில்வே முறைப்படி 24 மணிக் கணக்கில் குறித்தால், முற்பகலா பிற்பகலா என்னும் குழப்பம் நேராது.