மே மாதச் சம்பளம் எங்கே?



டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்ற பெருமை எங்கள் திருத்தணிக்கு உண்டு. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகத் தொடங்கி குடியரசுத் தலைவர் வரை உயர்ந்தவர் அவர். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தன்று அவர் படத்துக்கு மாலை விழும், மேடையில் ஆசிரியர்களைப் புகழ்வார்கள். தமிழக அரசு கலைக் கல்லூரிகளில் தற்காலிகமாக வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கோ 2025இல் மாதம் 25,000 ரூபாய். அதுவும் மே நீங்கலாக வருடத்தில் 11 மாதம்தான்.

நாங்கள் தறிக்காரக் குடும்பம். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் எங்களைப் போன்ற வீடுகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைதான் முதல் பட்டதாரி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கு நெட் தேர்வு என்று ஒன்று இருப்பதையே என் மகளுக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் பெற்றவர். மே மாதம் பிறந்தால் அந்த அம்மா திண்ணையில் பாய் விரித்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். மளிகைக் கடையில், "ஜூலைல குடுத்துடறேன் அண்ணா" என்று தாழ்ந்த குரலில் அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும்.

நிரந்தரப் பேராசிரியர் நடத்தும் அதே பாடத்திட்டத்தைத்தான் கௌரவ விரிவுரையாளர்களும் நடத்துகிறார்கள். உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 2025இலும் அதில் பாதியைத்தான் தந்தது நம் அரசு. நிரந்தர வேலை வரும் என்று காத்திருக்கவும் வழியில்லை. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, ஓராண்டு கடந்தும் தேர்வு நடக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நம் உயர்கல்வித் துறை வரிக்கு வரி படிக்க வேண்டும். குஜராத் அரசுக் கல்லூரிகளில் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த உதவிப் பேராசிரியர்களுக்கு, அந்தப் பதவிக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைக் கொடு என்றது நீதிமன்றம். விழாக்களில் குரு வணக்கம் சொன்னால் மட்டும் போதாது, ஆசிரியரை நடத்தும் விதத்திலும் அது தெரிய வேண்டும் என்றும் நீதிபதிகள் இடித்துரைத்தார்கள். குஜராத்தின் 30,000 தவறென்றால் நம் 25,000 எப்படிச் சரியாகும்?

பேசித் தீர்க்கவும் வழி உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் உட்பட 48,000 பேர் 2022 நவம்பரில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, சம்பள உயர்வை எழுத்தில் ஒப்பந்தமாகக் கொடுத்தது நிர்வாகம். எங்கள் தறியில்கூட கூலி பேசிய பிறகுதான் பாவு ஏற்றுவோம். இங்கே கௌரவ விரிவுரையாளர் சங்கங்கள் வருடா வருடம் வெயிலில் உட்கார்ந்து கோஷம் போடுகின்றன. கிடைப்பதெல்லாம், பார்க்கலாம் என்ற வாய்மொழிதான்.

முதலமைச்சரும் உயர்கல்வித் துறை அமைச்சரும் சங்கப் பிரதிநிதிகளை அழைத்துப் பேச வேண்டும். மானியக் குழு சொன்ன 50,000 ரூபாயை 12 மாதமும் வழங்க அரசாணை போட வேண்டும். வரும் மே மாதமாவது அந்த அம்மா கடையில் கடன் சொல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
திருத்தணி.