ரூபாயில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் கடலோரம் வேண்டும்

வெள்ளவத்தையில் வீடு வாங்கப் போனால், எத்தனை அறை வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே தரகர் வேறொன்றைக் கேட்பார். "அக்கா, காசு எங்கயிருந்து வருது? கனடாவோ, லண்டனோ?" அரச பாடசாலையில் படிப்பிக்கிற என் சிநேகிதி ஒருத்தி, தானும் கணவரும் இங்கேதான் உழைக்கிறோம், வங்கிக் கடன் எடுக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். தரகர் மரியாதையாகவே பதில் சொன்னாராம்: "அப்ப நீங்கள் தெகிவளைக்கு அங்கால பாருங்கோவன்." அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த 'அங்கால' வருடத்துக்கு வருடம் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. கல்கிசையைத் தாண்டி இப்போது மொறட்டுவைப் பக்கம் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசிரியையான மனைவி, தனியார் கம்பனியில் கணக்காளரான கணவன், இருவர் கையிலும் சேர்ந்து மாதம் இரண்டு இலட்சம் ரூபாய் வருகிறது என்று வையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை, 66,000 ரூபாயை, வீட்டுக் கடனுக்கு ஒதுக்குகிறார்கள். பிள்ளைகளின் டியூஷன், பஸ், சாப்பாடு, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புவது எல்லாம் போக அதற்கு மேல் முடியாது. 12 சதவீத வட்டி, 20 வருடத் தவணை என்றால் அந்தத் தொகைக்குக் கிடைக்கக்கூடிய கடன் ஏறத்தாழ 60 இலட்சம். வெள்ளவத்தையில் கடற்பக்கத்துப் புதிய மூன்று அறை வீடு மூன்று கோடிக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. கொட்டாஞ்சேனையில் கொஞ்சம் மலிவு, ஆனாலும் 60 இலட்சம் அங்கேயும் போதாது. வட்டியை 6 சதவீதமாக்கித் தவணையை 30 வருடமாக நீட்டினால் அதே 66,000 ரூபாய்க்கு 110 இலட்சம் கடன் எடுக்கலாம். சம்பளத்தில் ஒரு சதம் கூடாமலே கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. மிச்ச இடைவெளியை உண்டாக்குவது காணியின் விலை.

அந்தக் காணி விலை எப்படி ஏறியது என்பதை வெள்ளவத்தையின் ஒழுங்கைகளுக்குள் நடந்தால் கண்ணால் காணலாம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு காலத்தில் முற்றமும் மாமரமும் வைத்த வீடுகள் இருந்தன. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு சிலர் விற்றுவிட்டுப் போனார்கள், சிலர் எரிந்த வீட்டைத் திருத்திக்கொண்டு இருந்தார்கள். பின்னர் வடக்கில் யுத்தம் மூண்டு யாழ்ப்பாணத்துச் சனம் இங்கே வந்து சேர, 20 பேர்ச்சஸ் காணியில் எட்டு மாடி எழத் தொடங்கியது. கடலோர வீதியான மெரைன் டிரைவ் வந்ததும் விலை இன்னொரு படி ஏறியது. இன்று ஒழுங்கைக்குள் இரண்டு வாகனங்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். மாடிகளுக்கிடையே கைநீட்டினால் தொடக்கூடிய இடைவெளி. கடலைப் பார்த்த பல்கனிகளில் உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடித்து, சீமெந்துப் பூச்சு பொருக்காக உதிர்கிறது. ராத்திரியில் அண்ணாந்து பார்த்தால் வெளிச்சமில்லாத வீடுகள் பல. உரித்துக்காரர்கள் வெளிநாட்டில், ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்தால் திறப்பார்கள்.

புலம்பெயர்ந்தவர்கள் மீது இதில் பழி போட மாட்டேன். யுத்த காலத்தில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது அவர்கள் அனுப்பிய காசில்தான். சொந்த ஊரில் வீடு போனவன் வெள்ளவத்தையிலாவது ஒரு கதவுக்குத் திறப்பு வைத்திருக்க ஆசைப்படுவது இயற்கை. டொலரில் உழைத்த காசும் ரூபாயில் உழைத்த காசும் ஒரே காணிக்குப் போட்டியிடும்படி விட்டுவிட்டு, அரசு ஒதுங்கி நின்றதே குற்றம். 2022இல் ரூபாய் சரிந்தபோது அந்தப் போட்டியும் முடிந்துபோனது. ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஆயிரம் ரூபாய் விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரத்துக்குப் போனது. மிதக்கும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்கள் தவணைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. அங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் கடலைக் காண முடியாது. நடுவில் துறைமுகம். மேல்மாடியில் நின்றால் பாரந்தூக்கிகளும் கொள்கலன்களும்தான் தெரியும். சென் லூசியா தேவாலயத்தைச் சுற்றிய தெருக்கள், ஜம்பட்டா வீதி, புளுமெண்டால் பக்கம் என்று நெருக்கமாகக் குடியிருக்கும் சனம் துறைமுகத்திலும் செட்டியார் தெருவிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் வேலை செய்கிறது. பிள்ளைகளை நல்லாயன் கன்னியர் மடத்துக்கும் விவேகானந்தாவுக்கும் சென் பெனடிக்ற்ஸுக்கும் அனுப்புகிறது. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் பொதுக் குழாயடியில் வளர்ந்து, படித்து, வங்கியிலோ சுங்கத்திலோ வேலைக்குப் போன இளைஞனுக்குக் கலியாணம் முடிந்ததும் அதே வட்டாரத்தில் ஒரு வீடு வேண்டும். அவனுக்கு அரசின் எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

ஏனென்றால் அரசின் கண்ணுக்குக் கொழும்பில் இரண்டு வகை ஆட்கள்தான் தெரிகிறார்கள். அகற்றப்பட வேண்டிய குடிசைக்காரன் ஒருவன், அழைத்து வரப்பட வேண்டிய முதலீட்டாளன் மற்றவன். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் திட்டம் வந்தது. முவதொர உயன, சிறிசர உயன என்று வட கொழும்பிலும் வனாத்தமுல்லைப் பக்கமும் எழுந்த கட்டிடங்களில் ஒரு குடும்பத்துக்கு 400, 500 சதுர அடி. விடுவிக்கப்பட்ட காணி பெறுமதியான காணி, அதற்காகத்தான் சனத்தை உயரத்துக்கு ஏற்றினார்கள் என்று மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தன் 2014ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாக எழுதியது. நடுத்தர வருமானக்காரருக்கென்று யோசித்தபோது அரசு பன்னிப்பிட்டிப் பக்கம் போனது. அங்கே வியத்புர எழுந்தது. கடலோரம் கையிலிருந்த காணியெல்லாம் ஹோட்டலுக்கும் சொகுசு மாடிக்கும்.

கடலோரத்தில் சம்பளக்காரனுக்கு வீடு கட்டுவது இந்த நாட்டுக்கு எப்போதும் தெரியாத வித்தையாக இருக்கவில்லை. பம்பலப்பிட்டி பிளாட்ஸைப் பாருங்கள். கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில், காலி வீதியின் நடுமையத்தில், அரசாங்க உத்தியோகத்தருக்காகக் கட்டிய வீடுகள். எழுதுவினைஞரின் பிள்ளையும் வைத்தியரின் பிள்ளையும் ஒரே முற்றத்தில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்த இடம் அது. எல்லா இனமும் இருந்தது. 1973இல் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது, ஏராளமான வாடகைக்காரர் சொந்தக்காரரானார்கள். அதே ஆண்டில் வந்த தொடர்மாடி உரிமைச் சட்டம்தான் இன்று வெள்ளவத்தையில் எழுதப்படும் உறுதிகளுக்கெல்லாம் அடிப்படை. உச்சவரம்புச் சட்டத்தால் வாடகைக்கு வீடு கட்டுவதே நின்றுபோயிற்று என்ற குறையும் உண்மைதான். 1977க்குப் பிறகு பிரேமதாச கிராமத்து வீட்டில் கவனம் வைத்தார், பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984இல் தொடங்கியது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நகரத்தில் மாதச் சம்பளக்காரனுக்கு வீடு கட்டுவது என்ற எண்ணம் அப்போதே நழுவிவிட்டது.

துறைமுக நகரத்துக்கு வருவோம். 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்து தொடக்கிவைத்தார். நீர்கொழும்புக் கடலில் மண் அள்ளாதே என்று மீனவர்கள் போராடினார்கள். மண் அள்ளப்பட்டது. காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் 269 ஹெக்டேயர் புது நிலம் உருவானது. அதில் 116 ஹெக்டேயர் சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகையில், 91 ஹெக்டேயர் வீதிக்கும் பூங்காவுக்கும் பொதுத் தேவைக்கும், 62 ஹெக்டேயர் இலங்கை அரசுக்கு. இந்த 62ஐத்தான் நான் குறிவைத்துப் பேசுகிறேன். அது நம்முடைய பங்கு. அதில் பத்திலொன்று 6.2 ஹெக்டேயர், ஏறத்தாழ 2,450 பேர்ச்சஸ். வெள்ளவத்தையில் எட்டு மாடி எழுப்பும் 20 பேர்ச்சஸ் காணிகள் 120 அதற்குள் அடங்கும். யாருடைய வீட்டையும் இடிக்காமல், யாரையும் எழுப்பாமல் கிடைக்கிற காணி. 2021ஆம் ஆண்டின் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டமோ அங்கே சம்பளத்தையே வெளிநாட்டு நாணயத்தில் கொடுக்க வழி செய்கிறது. இந்த நாட்டின் கடலை நிரப்பி உண்டாக்கிய நிலத்தில் இந்த நாட்டின் ரூபாய்க்கு ஒரு மூலை வேண்டும் என்று கேட்பது அதிகப்படியா?

சிங்கப்பூரைப் போல ஆக்குவோம் என்று நம் அரசியல்வாதிகள் பேசாத மேடை இல்லை. சிங்கப்பூர் 1966இல் கிழக்குக் கரையில் கடலை நிரப்பத் தொடங்கியது. அந்த நிலத்தில் 1970களில் அரசின் வீடமைப்புச் சபை கட்டியது மரைன் பரேட் என்ற குடியிருப்பு. சாதாரணச் சம்பளக்காரர் கடலைப் பார்த்துக் குடியேறினார்கள். பின்னாளில் பிரதமரான கோ சொக் தோங் 1976இல் முதன்முதலாக நாடாளுமன்றம் போனது அந்தத் தொகுதியிலிருந்துதான். வீட்டுத் தவணையைச் சேமலாப நிதியிலிருந்தே கட்டலாம் என்று 1968இலேயே வழிசெய்துவிட்டார்கள். சென்னையிலும் பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் நடுத்தர வருமானப் பிரிவுக்கென்று வீடு கட்டியது. இன்று அங்கே விலை கேட்டால் தலை சுற்றும், அது வேறு. கட்டிய காலத்தில் அங்கே குடிபோனவர்கள் அலுவலகக் குமாஸ்தாக்கள்.

நம்மிடமும் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் மாதாமாதம் சேருகிற, நாட்டின் மிகப் பெரிய நிதியம். கணக்கிலுள்ளதில் 75 சதவீதம் வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாக வைக்கலாம், ஓய்வுக்கு முன் 30 சதவீதம் எடுக்கவும் செய்யலாம். ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களில் கிடக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை வந்தபோது அதன் தலையிலேயே விழுந்தது. அரசின் கடனைத் தாங்கும் சேமிப்பு, சேமித்தவனின் வீட்டுக்கும் கொஞ்சம் தோள் கொடுக்கட்டும்.

இன்னொன்றைத் தமிழர்களாகிய நாங்கள் மனம்விட்டுப் பேச வேண்டும். மலிவு வீடு மாலபேயிலோ ஹோமாகமவிலோ கொடுத்தால் ஏன் போகக்கூடாது என்று சிங்கள நண்பர்கள் நல்ல மனதோடு கேட்பதுண்டு. பாடசாலை, கோயில், தமிழில் மருந்து கேட்கக்கூடிய கடை என்று காரணம் சொல்லலாம். ஆழத்தில் இருப்பது பயம். 1983இல் தனித்தனியே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் எங்களுக்கு நேற்றுப்போல இருக்கிறது. பொலிஸ் பதிவு இல்லாமல் அறை கிடைக்காத காலம் அது. சிங்கப்பூர் 1989இல் அரச குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்த இன ஒதுக்கீட்டை இங்கே கொண்டுவந்தால் இந்தப் பயத்தின் மேல்தான் அது விழும். அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது வெளிப்படையான சீட்டிழுப்பு. எம்.பி.யின் கடிதம், அமைச்சரின் பட்டியல் எதுவும் இல்லாமல், விண்ணப்பம் மூன்று மொழியிலும், முடிவு பத்திரிகையில். கொடுத்த வீட்டில் குறைந்தது ஐந்து வருடம் உரித்துக்காரரே குடியிருக்க வேண்டும், விற்றாலும் அதே வருமானப் பிரிவினருக்கு என்று உறுதியிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் சாவி கைமாறி, ராத்திரி வெளிச்சமில்லாத வீடுகள் அங்கேயும் வந்துவிடும்.

கட்டுவதிலும் புத்தி வேண்டும். முப்பது மாடி எழுப்பினால் லிஃப்டும் ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டரும் பராமரிப்புக் கட்டணத்தை விழுங்கிவிடும். முகத்துவாரம் பக்கத்துத் தொடர்மாடிகளில் லிஃப்ட் நின்றால் வயோதிபர் வீட்டோடு முடங்குகிறார்கள். கடலோரத்துக்கு ஏழெட்டு மாடி போதும். கம்பிக்கு மேல் சீமெந்துக் கனம் கூடுதலாக வேண்டும், துணி காயப்போட வெயில் படும் இடம் வேண்டும், முதல் நாளிலிருந்தே பழுதுபார்ப்புக்கு ஒரு நிதி ஒதுக்க வேண்டும். பம்பலப்பிட்டி பிளாட்ஸ் இன்று சாயம் போய் நிற்பதற்குக் காரணம் அந்த நிதி இல்லாமற்போனதே.

துறைமுகம், ரயில்வே, பழைய களஞ்சியங்கள் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளி வரை அரசின் கையில் இன்னும் காணி இருக்கிறது. அது ஒவ்வொன்றாகக் கேள்விமனுவுக்கு வரும். அறிவித்தல் பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும், நாங்கள் பார்க்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இனிமேல் பாருங்கள். உங்கள் மாநகர சபை உறுப்பினர் வாக்குக் கேட்கவும் சோலைவரி பற்றிப் பேசவும் வருவார். வரும்போது, இந்தக் காணியில் ரூபாயில் சம்பளம் வாங்குகிறவருக்கு எத்தனை வீடு என்று கேளுங்கள். எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.