சமாளித்தாள் என்றொரு பாராட்டு

போர்க்காலக் குடும்ப வாழ்வை நடித்துக் காட்டும் ரியாலிட்டி ஷோக்கள் உண்டு. 2001இல் பிரிட்டனின் சேனல் ஃபோர் ஒளிபரப்பிய ‘தி 1940ஸ் ஹவுஸ்’ அவற்றில் பேர்போனது. இக்காலக் குடும்பம் ஒன்றை இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டில் குடிவைத்தார்கள். அளந்த ரேஷன், இருட்டடிப்புத் திரை, தோட்டத்தில் பதுங்கிடம். அந்தக் காலத்தின் மீது ஆசை குடும்பத் தலைவருக்கு. அடுப்பும் துவைப்பும் கடை வரிசையும் மனைவிக்கும் மகளுக்கும். அவர்களுக்கு உத்தரவு போட, ‘போர் அமைச்சரவை’ என்று ஒரு நிபுணர் குழு வேறு.

2015இல் செக் தொலைக்காட்சி இன்னும் துணிந்தது. நாஜி ஆக்கிரமிப்புக் காலப் பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் இரண்டு மாதம் வாழ வேண்டும். மிரட்ட கெஸ்டபோ வேடத்தில் நடிகர்கள். தாக்குப்பிடித்தால் பரிசு 10 லட்சம் கொருனா. யூதர்கள் கொன்றொழிக்கப்பட்ட ஆண்டுகளைப் போட்டியாக்குவதா என்று கண்டனம் எழுந்தது.

தளபதிகளின் வரலாற்றில் இடமில்லாத அடுப்படியை இவை முன்னால் கொண்டுவருகின்றன என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் எந்த உருவில்? கைப்பிடி மாவில் எத்தனை பேருக்குப் பசியாற்றினாள் என்ற கெட்டிக்காரத்தனமாக. ‘சமாளித்துவிட்டாள்’ என்று பாராட்டுகிறவர், அவளைச் சமாளிக்க வைத்தவரைப் பற்றி வாய்திறக்க வேண்டியதில்லை. குடிகாரக் கணவனோடு முப்பது வருஷம் ஓட்டியவளுக்கும் நாம் இதே பாராட்டைத்தான் தருகிறோம்.

சூரமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு சீமைக் கதை எதற்கு என்று கேட்கலாம். இதைத் தமிழில் எடுக்க நினைத்தால் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் தயாராக இருக்கிறது. பொருளாதாரத் தடை, மின்சாரமில்லாத வருடங்கள், ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி, முற்றத்துப் பங்கர். கேமராவுக்கு எல்லாமே அழகு. அந்த வீடுகளின் பிள்ளைகள் மறுவாழ்வு முகாம்களிலிருந்து எங்கள் சேலத்துக் கல்லூரிகளுக்குப் படிக்க வருகிறார்கள்.

கேமராவுக்குள் வராதது ஒன்று உண்டு. 1996 செப்டம்பர் 7 அன்று, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த கிருஷாந்தி குமாரசுவாமியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றார்கள். தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவர் ஒருவரையும் கொன்று புதைத்தார்கள். நேரமாகியும் வராத மகளைத் தேடி அம்மா படியிறங்குவதைவிட அன்றாடமான குடும்பக் காட்சி வேறென்ன இருக்கிறது? இதில் சமாளிக்க என்ன இருந்தது? எந்த நிபுணர் குழு அந்தத் தாய்க்கு மதிப்பெண் போடும்?

இந்த நிகழ்ச்சிகளின் கடைசி நாளில் கதவு திறக்கும். எல்லோரும் உயிரோடு வெளியே வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், பழைய வீட்டின் வெந்நீர்க் குழாய்க்குத் திரும்புவார்கள். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தாய்மார்கள். பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்விதான். பதில் வராமலே அவர்களில் பலர் செத்துப்போனார்கள்.