கைப்பேசியில் நாடி பார்க்க முடியுமா?



எங்கள் லப்பைக்குடிக்காட்டில் 'விமானம் ரத்து' என்றால் சின்னப் பிள்ளைக்கும் முகம் வாடிவிடும். பல வீடுகளில் அப்பாவோ அண்ணனோ வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் வெளிநாட்டு விமானங்கள் நின்றபோது வேலைக்குப் போனவர்களைப் பற்றி ஊரே பேசியது. படிக்கப் போன பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. உங்களில் பலர் அப்போது அங்கன்வாடியில் இருந்திருப்பீர்கள். அதனால்தான் இன்று சொல்கிறேன்.

இந்தியாவில் முதன்முதலில் கொரோனா கண்டறியப்பட்டது யாருக்குத் தெரியுமா? சீனாவின் வூகான் நகரிலிருந்து கேரளத்துக்குத் திரும்பிய ஒரு மருத்துவ மாணவிக்கு. நாள், 2020 ஜனவரி 30. சீனாவில் அந்தச் சமயம் சுமார் 23,000 இந்திய மாணவர்கள் படித்து வந்தார்கள். பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது, தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணம் இருக்காது. அங்கே செலவு குறைவு என்று நகையை அடகு வைத்து அனுப்பிய பெற்றோரும் இருந்தார்கள்.

நோய்க்குப் பயந்து ஊர் திரும்பியவர்களால் மறுபடி போக முடியவில்லை. 2020 மார்ச் 28 அன்று சீனா வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியது. மாணவர் விசாவை மீண்டும் கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்ட் 24 அன்று! எத்தனை மாதம் என்று நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

அதுவரை கைப்பேசியில்தான் பாடம். சீனாவின் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 8 மணி வகுப்பு என்றால் இங்கே விடியற்காலை 5.30. கொட்டாவி விட்டபடியே எலும்பின் பெயரையும் நரம்பின் பெயரையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் நோயாளியின் வயிற்றை அழுத்திப் பார்ப்பதையும், ஊசி போடுவதையும் திரையைப் பார்த்துக் கற்க முடியுமா? இணைய வழியில் மட்டும் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்றது தேசிய மருத்துவ ஆணையம். பிள்ளைகள் பாவம்தான், ஆனாலும் விதி சரி. உங்கள் தம்பிக்கு ஊசி போட வருபவர் முன்பே ஊசியைப் பிடித்தவராக இருக்க வேண்டாமா?

சரியில்லாதது எது என்றால், வழி சொல்ல எடுத்துக்கொண்ட காலம். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஜூலை மாதக் கடைசியில்தான் திட்டம் வந்தது. இறுதியாண்டில் திரும்பி, படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் இங்கே தகுதித் தேர்வு எழுதலாம். தேறினால் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கணக்குத் தாளைத் திருத்தித் தர ஆசிரியர் இரண்டு வாரம் தாமதித்தாலே நீங்கள் முணுமுணுப்பீர்கள். அவர்கள் இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

உங்கள் அக்காவோ அண்ணனோ வெளிநாட்டில் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால், 2021 நவம்பரில் வந்த விதியை அவர்களிடம் சொல்லுங்கள். ஒரே கல்லூரியில் குறைந்தது 54 மாதம் படிப்பு, பிறகு அங்கேயே 12 மாதம் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில். பணம் கட்டும் முன்பே இந்த மூன்றையும் விசாரிக்கச் சொல்லுங்கள். சேர்த்துவிடும் முகவர்கள் எல்லோரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை.